3-ஆம் உறுப்புரையில் நாடுகடத்தல் என்ற சொல்லே இல்லை. பிறகு ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அதை எப்படித் தடுக்கிறது?

தல்லாகுளம் (மதுரை) எழுதியது:

வணக்கம். சட்டக் கல்லூரியில் படிக்கிறேன், இந்தப் பருவத்தில் பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் ஒரு பாடம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது.

1950-இல் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் உறுப்புரை மொத்தமே ஒரு வரி. எவரும் சித்திரவதைக்கோ, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்துகைக்கோ தண்டனைக்கோ உள்ளாக்கப்படக் கூடாது. அவ்வளவுதான். அகதி, நாடுகடத்தல் எதுவும் அதில் இல்லை. புகலிட உரிமை என்று உடன்படிக்கையில் தனி உறுப்புரையும் கிடையாது. அப்படியிருக்க, "இவரை அனுப்பாதே" என்று ஒரு அரசுக்குச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? நீதிபதிகளே எழுதிச் சேர்த்துக்கொண்டார்களா? வகுப்பில் கேட்டபோது "அது உயிருள்ள ஆவணம்" என்றார்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

ஐரோப்பாவில் இருப்பவர்களும் வழக்கறிஞர்களும் இந்தக் களத்தில் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கீரிமலை (பாரிஸ்) எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. புகலிட வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், அதனால் இந்த ஒரு வரியோடு நீண்ட காலமாகப் பழக்கம்.

"உயிருள்ள ஆவணம்" என்ற பேச்சு 1978-இல் டைரர் வழக்கில் வந்தது. அதன் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கோ, நீளமானதில்லை. பிரிட்டிஷ் முடியாட்சிக்குட்பட்ட மான் தீவில் (Isle of Man) 15 வயதுப் பையன் ஒருவன், பள்ளியில் மூத்த மாணவனைத் தாக்கியதற்காக மூன்று பிரம்படி என்று தண்டனை. 1972-இல் மேல்முறையீடு தள்ளுபடியான அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் அதை நிறைவேற்றினார்கள். பையனின் காற்சட்டையையும் உள்ளாடையையும் இறக்கச் சொல்லி மேசைமேல் குனியவைத்து, இரண்டு பொலிஸ்காரர் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் அடித்தார். முதல் அடியிலேயே பிரம்பின் சிம்புகள் முறிந்து விழுந்தன. தகப்பனும் அங்கேதான் நின்றார். மூன்றாவது அடியோடு அவர் தன்னை மறந்து ஒரு பொலிஸ்காரர்மேல் பாய, அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவும் தீர்ப்பிலேயே இருக்கிறது.

தீவின் சட்ட அதிகாரி சொன்ன வாதம்: எங்கள் மக்களில் பெரும்பாலானோர் பிரம்படியை ஆதரிக்கிறார்கள், குற்றத்தைத் தடுக்க அது உதவுகிறது என்று நம்புகிறார்கள், ஆகவே அது இழிவான தண்டனை ஆகாது. நீதிமன்றத்தின் பதிலை நான் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்தத் தண்டனை பலன் தருகிறது என்று மக்கள் நினைப்பதற்குக் காரணமே அதிலுள்ள இழிவாக இருக்கலாம் என்றது. உடன்படிக்கையை இன்றைய நிலைமைகளின் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும் என்ற வாக்கியம் அந்த இடத்தில்தான் வருகிறது.

ஆக, 1950-இல் கையெழுத்துப் போட்டவர்கள் பிரம்படியை மனதில் வைத்திருந்தார்களா என்பது நீதிமன்றத்தின் கேள்வி இல்லை. மனிதரை இழிவுபடுத்தாதே என்று ஒப்புக்கொண்டீர்கள், இது இழிவா இல்லையா என்று பார்க்கிறோம். இதுதான் அவர்களின் முறை.

வைகைக்கரை (கோயம்புத்தூர்) எழுதியது:

கீரிமலை ஐயா சொன்னதோடு அதே தீர்ப்பின் மாற்றுக் கருத்தையும் தம்பி படிக்கணும். ஆறுக்கு ஒன்று என்று முடிந்த வழக்கு அது. தனியாக நின்றவர் பிரிட்டிஷ் நீதிபதி ஜெரால்ட் பிட்ஸ்மாரிஸ். அவர் எழுதியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரசுகள் எதற்கு ஒப்புக்கொண்டனவோ அதற்குத்தான் கட்டுப்படும், அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் புதிய ஒப்பந்தம் போடட்டும் என்கிற பார்வை அவருடையது.

எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. வாக்குப் போட்டு மாற்ற முடியாத ஒரு குழு, சொற்களின் பொருளை விரித்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும்?

சிவப்புக்கல் கட்டடம் (சென்னை) எழுதியது:

உயர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். வைகைக்கரை சார் கேள்விக்கு மூன்று விஷயம்.

முதலில், விளக்கும் அதிகாரத்தைக் கொடுத்ததே அரசுகள்தான். உடன்படிக்கையை விளக்குவதும் பொருத்துவதும் பற்றிய எல்லா விஷயமும் நீதிமன்றத்தின் வரம்பில் வரும் என்று 32-ஆம் உறுப்புரையே சொல்கிறது. முன்னுரையோ, உரிமைகளைக் காப்பதோடு மேலும் வளர்த்தெடுப்பதும் நோக்கம் என்கிறது. 1975 கோல்டர் வழக்கில், கைதி ஒருவர் வழக்குப் போட வழக்கறிஞரைப் பார்க்கக்கூட விடவில்லை. நியாயமான விசாரணை என்று சொல்லும் 6-ஆம் உறுப்புரையில் "நீதிமன்றத்தை அணுகும் உரிமை" என்ற சொல் இல்லை என்றது அரசு. நீதிமன்றத்துக்குள் நுழையவே விடாமல், உள்ளே விசாரணை நியாயமாக நடக்கும் என்று உறுதி தருவதில் என்ன பொருள்? அந்த உரிமை 6-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பானது.

இரண்டாவது, அவர்கள் நினைத்த மாத்திரத்தில் பொருளை மாற்றுவதில்லை. பாலினம் மாறியவர்களின் சட்ட அடையாளம் பற்றி 1986, 1990, 1998 என்று மூன்று முறை பிரிட்டனுக்குச் சாதகமாகவே சொன்னார்கள். மற்ற நாடுகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்து, 2002-இல் குட்வின் வழக்கில்தான் மாற்றினார்கள். பதினாறு வருஷம்! பாதிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கோபம் வரும் அளவுக்கு மெதுவான நடை.

மூன்றாவது, தல்லாகுளம் கேட்டதற்கு நேரடிப் பதில் 1989 சோரிங் வழக்கு. வர்ஜீனியாவில் நடந்த கொலைக்காக ஜெர்மன் நாட்டவர் ஒருவரை பிரிட்டன் அமெரிக்காவிடம் ஒப்படைக்க இருந்தது. மரண தண்டனைக் கைதிகள் அங்கே ஆறு முதல் எட்டு வருஷம் காத்திருப்பார்கள் என்பது பதிவில் இருந்தது. அமெரிக்கா உடன்படிக்கையில் இல்லை, அங்கே நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றது பிரிட்டன். நீதிமன்றம் அமெரிக்காவை விசாரிக்கவே இல்லை. ஒப்படைப்பது பிரிட்டனின் செயல். அந்தக் கதி நேரும் மெய்யான ஆபத்து இருப்பது தெரிந்தும் ஒப்படைத்தால், 3-ஆம் உறுப்புரையை மீறுவது பிரிட்டன்தான் என்றது. ஐ.நா.வின் 1984 சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் இப்படி அனுப்பக் கூடாது என்று வெளிப்படையாக இருக்கிறதே, இங்கே இல்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. கொலைகாரன் கையில் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு "நான் அடிக்கவில்லை" என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா?

பிறகு, மரண தண்டனை கேட்க மாட்டோம் என்ற உறுதியை வாங்கிக்கொண்டுதான் அவரை அனுப்பினார்கள்.

தல்லாகுளம் எழுதியது:

நன்றி சார். இப்போது பிடி கிடைக்கிறது. ஒரு துணைக் கேள்வி: அனுப்பப்படுகிறவர் ஆபத்தானவராக இருந்தால்? நாட்டின் பாதுகாப்பையும் ஒரு தட்டில் வைத்துப் பார்க்க மாட்டார்களா?

சிவப்புக்கல் கட்டடம் எழுதியது:

மாட்டார்கள். 1996 சஹால் வழக்கு. நமக்கு நெருக்கமான வழக்கு அது. சீக்கியப் பிரிவினை இயக்கத்தோடு தொடர்புடையவர் என்று ஒருவரை பிரிட்டன் இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தது. 1990 முதல் காவலில் வைத்திருந்தார்கள். அவருக்கு ஒன்றும் நேராது என்று இந்திய அரசு உறுதி கொடுத்தது. அந்த உறுதி நல்லெண்ணத்தில் கொடுக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் ஐயப்படவில்லை. ஆனால் பஞ்சாப் காவல்துறையில் சிலரைக் கட்டுப்படுத்த அந்த அரசால் முடிகிறதா என்று பார்த்தது. 12-க்கு 7 என்ற கணக்கில், அனுப்பினால் 3-ஆம் உறுப்புரை மீறல் என்று முடிவு. அவர் என்ன செய்தார், எவ்வளவு ஆபத்தானவர் என்பது கணக்கிலேயே வராது. 2008-இல் சாதி (Saadi) என்பவர் இத்தாலிக்கு எதிராகப் போட்ட வழக்கில் பிரிட்டன் குறுக்கிட்டு இதை மாற்றக் கேட்டது. ஒருமனதாக மறுத்துவிட்டார்கள்.

இந்தியா 1997-இல் சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. காவல் மரண வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இது ஆறாத விஷயம்.

பனங்கூடல் (லண்டன்) எழுதியது:

எல்லாரும் நீதிமன்றத்தைப் பற்றி நல்லதாகவே கதைக்கிறியள். எங்கட ஆக்களின்ர வழக்கில அது முதலில என்ன செய்தது எண்டும் சொல்லவேணும்.

1991 வில்வராஜா வழக்கு. இலங்கைத் தமிழர் ஐந்து பேர். 1988-இல பிரிட்டன் அவையைத் திருப்பி அனுப்பிப் போட்டுது. திரும்பிப் போனவையில சிலர் அங்க அடி உதை பட்டவை. பிறகு பிரிட்டனிலேயே மேல்முறையீட்டில வெண்டு 1989-இல திரும்பக் கூட்டி வரப்பட்டவை. இவ்வளவும் தெரிஞ்ச பிறகுதான் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்புச் சொன்னது: மீறல் இல்லை, எட்டுக்கு ஒண்டு.

காரணம் என்ன தெரியுமோ? இவையின்ர நிலை மற்றத் தமிழ் இளைஞரின்ர நிலையை விட மோசம் இல்லையாம். இவையைத் தனித்துக் காட்டுற சிறப்பான அம்சம் ஒண்டும் வழக்கில இல்லையாம். வெறும் சாத்தியம் போதாதாம். எல்லாருக்கும் ஆபத்து எண்டால் ஒருத்தருக்கும் பாதுகாப்பு இல்லை எண்ட மாதிரி வந்து நிண்டுது. அந்த நேரம் லண்டனில இருந்த எங்களுக்கு அந்தத் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பிறகு கன காலம் எங்கட பெடியள் ஒவ்வொருத்தருக்கும் வந்த நிராகரிப்புக் கடிதத்தில அந்த வழக்கின்ர பேர் இருந்தது.

கீரிமலை எழுதியது:

அண்ணை சொல்வது முழுக்க உண்மை. தம்பி, உங்கள் கேள்விக்கான உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. விளக்கம் என்ற வேலை ஒரே திசையில் போவதில்லை. அதே வரியைக் குறுக்கியும் வாசிக்கலாம், அப்படி வாசிக்கப்பட்டது எங்கள்மேல்.

அந்தச் "சிறப்பான அம்சம்" என்ற பூட்டைத் திறந்தது ஒரு சோமாலியரின் வழக்கு. 2007 சனவரி, சாலா ஷேக் எதிர் நெதர்லாந்து. அவர் ஒரு சிறுபான்மைக் குலத்தவர், அந்தக் குலத்தவர் எல்லாருமே குறிவைக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் இன்னும் தனியாக ஏதாவது காட்டு என்று கேட்டால் 3-ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பு வெறும் மாயையாகிவிடும் என்றது நீதிமன்றம். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையில் பலிக்க வேண்டும் என்று 1979-இல் எயரி (Airey) என்ற அயர்லாந்துப் பெண்ணின் வழக்கில் சொன்ன அதே தத்துவம். மணவிலக்குக் கேட்க அல்ல, கணவனிடமிருந்து சட்டப்படிப் பிரிந்து வாழ வழக்குப் போட அந்தப் பெண்ணிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை. அந்தச் சாதாரணமான வழக்கில் பிறந்த வாசகம் எங்கெங்கோ போய் யாரையெல்லாமோ காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த வருடமே, 2008 சூலை 17, என்.ஏ. எதிர் ஐக்கிய இராச்சியம். பெயர் மறைக்கப்பட்ட இலங்கைத் தமிழர். 1990-க்கும் 1997-க்கும் இடையில் ஆறு தடவை இராணுவம் பிடித்திருக்கிறது. காலில் அடித்த தழும்புகள். புகைப்படமும் கைரேகையும் எடுத்திருக்கிறார்கள். விடுவிக்கத் தகப்பன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரிட்டன் என்ன சொன்னது என்றால், இது பழைய கதை, இவரை இப்போது யாரும் தேட மாட்டார்கள்.

எல்லாத் தமிழருக்கும் பொதுவாக ஆபத்து என்று நீதிமன்றம் ஏற்கவில்லை, அது உண்மை. ஆனால் வாசித்த விதம் மாறியிருந்தது. தழும்பை மட்டும் எடுத்து இது போதாது, கைது மட்டும் எடுத்து இது போதாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிடக் கூடாது, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அன்றைய நாட்டு நிலைமையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. கொழும்பு விமான நிலையத்தில் இறங்கியதும் பதிவைத் தட்டினால் இவர் பெயர் வரும், தடுத்து வைப்பார்கள், தழும்பைப் பார்ப்பார்கள். அந்த இடம்வரை நீதிபதிகள் மனதால் கூடவே நடந்துபோயிருக்கிறார்கள் என்று எனக்குப் படும். அனுப்பினால் மீறல் என்று தீர்ப்பு. அந்தக் காலத்தில் இதே மாதிரி 300-க்கும் மேற்பட்ட தமிழரின் நாடுகடத்தலை இடைக்கால உத்தரவால் நிறுத்தி வைத்திருந்தது அதே நீதிமன்றம்.

2013-இல் ஆர்.ஜே. எதிர் பிரான்ஸ். தமிழர், உடம்பில் தீக்காயங்கள், மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. அதிகாரிகள் அவரின் கதையில் முரண்பாடு கண்டார்கள். இவ்வளவு புதிதான, கடுமையான காயங்களைச் சான்றிதழ் காட்டும்போது, அவை எப்படி வந்தன என்ற ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு அரசுக்கு வந்துவிடுகிறது என்றார்கள் நீதிபதிகள். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.

அல்லிவிழி (பேர்ன்) எழுதியது:

சுவிஸ் வழக்கையும் சேர்க்கிறேன். எக்ஸ் எதிர் சுவிட்சர்லாந்து, 2017 சனவரி. புலிகள் அமைப்பில் இருந்த ஒருவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும். புகலிட மனு நிராகரிக்கப்பட்டு 2013 ஓகஸ்டில் குடும்பமாக அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்திலேயே மணிக்கணக்கில் விசாரணை, பிறகு அவரைச் சிறையில் அடைத்தார்கள், அங்கே சித்திரவதை. சுவிஸ் தூதரக ஆட்கள் சிறைக்குப் போய்ப் பார்த்தார்கள். அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்புவதையே சுவிஸ் நிறுத்தி வைத்தது. இங்கே எங்கள் எல்லா வீடுகளிலும் அப்போது இதே பேச்சுத்தான். பிறகு அவரைத் திரும்ப எடுத்துப் புகலிடமும் கொடுத்தார்கள், பிழை நடந்ததை ஒத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் மீறல் நடந்தது என்று நீதிமன்றம் பதிவு செய்தது.

எனக்கு இது பெரிய ஆறுதலாக இல்லை. தீர்ப்பு வந்தது அடி விழுந்த பிறகு. இந்த நீதிமன்றத்தின் உண்மையான பலம் தீர்ப்பில் இல்லை, விமானம் கிளம்பும் முன் வருகிற இடைக்கால உத்தரவில்தான் இருக்கிறது.

சிவப்புக்கல் கட்டடம் எழுதியது:

அல்லிவிழி அம்மா சொன்னது சட்டத்திலும் உறுதியானது. இடைக்கால உத்தரவு பற்றி உடன்படிக்கையில் ஒரு சொல்கூட இல்லை, அது நீதிமன்ற விதிகளில் 39-ஆவது விதி. 1991-இல் அது வெறும் வேண்டுகோள் என்றிருந்தார்கள். 2005 மமத்குலோவ் எதிர் துருக்கி வழக்கில் நிலையை மாற்றி, அதை மதிக்காவிட்டால் முறையிடும் உரிமையையே முடக்கியதாக ஆகும், ஆகவே கட்டுப்படுத்தும் என்றார்கள். ஆள் போன பிறகு வழக்கு நடத்தி யாருக்கு லாபம்?

நிலாமுற்றம் (பாரிஸ்) எழுதியது:

3-ஆம் உறுப்புரையில் கண்டிப்பாக நிற்கும் இதே நீதிமன்றம், மதச் சுதந்திரம் என்று வந்தால் அரசுக்கு முன்னால் தளர்ந்துவிடுகிறது. அங்கேயும் ஒரு விளக்க முறை இருக்கிறது. சமூக ஒழுங்கு, மதம் மாதிரி விஷயங்களில் நாடுகளுக்கு ஒரு தீர்மான வெளி விட வேண்டும் என்பது. 1976-லேயே ஹேண்டிசைட் வழக்கில் வந்தது.

பிரான்ஸின் முகத்திரைத் தடையை 2014-இல் 15-க்கு 2 என்று ஏற்றுக்கொண்டார்கள், "சேர்ந்து வாழ்தல்" என்ற காரணத்தைச் சொல்லி. 2018-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதே தடையை உரிமை மீறல் என்றது. சீக்கியர் தலைப்பாகையும் அப்படித்தான். ஓட்டுநர் உரிமப் படத்துக்குத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதை எதிர்த்த மனுவை 2008-இல் ஸ்ட்ராஸ்பூர்க் ஏற்கக்கூட இல்லை. வதிவிட அட்டைப் படம் பற்றி வேறொரு சீக்கியர் ஐ.நா. குழுவுக்குப் போனார், 2011-இல் அவருக்குச் சாதகமாக வந்தது. ஒரே நாடு, ஒரே தலைப்பாகை. வாசிக்கிற அமைப்பு மாறினால் உரிமையின் அளவும் மாறுகிறது என்றால், விளக்க முறையைப் புகழ்வதோடு நிறுத்தக் கூடாது. என் பக்கத்து வீட்டு அக்கா அந்த முகத்திரைத் தடை வந்த பிறகு கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அவருக்கு ஸ்ட்ராஸ்பூர்க் ஒன்றும் செய்யவில்லை.

வைகைக்கரை எழுதியது:

நிலாமுற்றம் சொல்வதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறேன். உடன்படிக்கையில் 46 நாடு, 46 வரலாறு. அந்த வெளியை விடாவிட்டால் நாடுகள் தங்குமா? கட்டாயப்படுத்த அவர்களிடம் காவல்துறையா இருக்கிறது? துருக்கியில் கவாலா என்பவரை விடுவிக்கச் சொன்ன தீர்ப்பை மதிக்கவில்லை என்று 2022 சூலையில் நீதிமன்றத்தின் பெரிய அமர்வே சொன்னது. அவர் வெளியே வரவில்லை. ரஷ்யா அதே ஆண்டு மார்ச்சில், உடன்படிக்கை நாடுகளின் அமைப்பான ஐரோப்பிய மன்றத்திலிருந்து விலக்கப்பட்டு, செப்டம்பரோடு உடன்படிக்கையிலிருந்தும் போய்விட்டது.

கீரிமலை எழுதியது:

அந்த வாதத்தைத்தான் இப்போது அரசுகளே எடுத்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2025 மே மாதம் இத்தாலி, டென்மார்க் உள்ளிட்ட ஒன்பது நாடுகளின் தலைவர்கள் திறந்த மடல் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். குடியேறிகள் விஷயத்தில் இந்த நீதிமன்றம் உடன்படிக்கையை அளவுக்கு மீறி விரித்து வாசிக்கிறது, குற்றம் செய்த வெளிநாட்டவரை அனுப்ப எங்களுக்கு அதிக இடம் வேண்டும் என்று. நீதிமன்றத்தை அரசியல் அழுத்தத்துக்கு ஆளாக்கக் கூடாது என்று ஐரோப்பிய மன்றத்தின் பொதுச் செயலாளர் பதில் சொன்னார்.

முகத்திரைக்கு விட்ட அந்த வெளியை 3-ஆம் உறுப்புரைக்கும் விட்டால் என்ன நடக்கும்? 1991-இல் பனங்கூடல் அண்ணை பார்த்ததுதான் நடக்கும். வைகைக்கரை ஐயா, நாடுகள் தங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் தங்குவதற்கான விலையாக, அடிபடப் போகிறவனின் முதுகைக் கொடுக்க முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

சித்திரவதையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை ஐயா. பிரம்படி வழக்கும் நாடுகடத்தல் வழக்கும் ஒரே தரத்தில் வைக்கத்தக்கவையா என்பதில்தான் நான் நிற்கிறேன். இதைத் தனி இழையில் பேசலாம்.

செவ்வந்தி (திருகோணமலை) எழுதியது:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கவும். அக்காவின்ர மகன் ஜேர்மனியில. கேஸ் ரிஜெக்ட், அப்பீலும் தோத்துப்போச்சு. நேர ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு எழுதலாம் எண்டு ஒருத்தர் சொல்லிக் காசும் கேக்கிறார். எழுதலாமோ?

கீரிமலை எழுதியது:

தங்கச்சி, முதலில் அவருக்குக் காசு குடுக்க வேண்டாம். அந்த நீதிமன்றத்துக்குக் கட்டணமே இல்லை.

நேரே போக ஏலாது. உள்நாட்டில் இருக்கிற வழியெல்லாம் முடித்திருக்க வேணும். ஜேர்மனி என்றால் கார்ல்ஸ்ரூவில் இருக்கிற அரசியலமைப்பு நீதிமன்றமும் அதில் சேரும். கடைசி முடிவு வந்த நாளிலிருந்து நாலு மாதம்தான். முன்பு ஆறு மாதம் இருந்தது, 2022 பெப்ரவரி முதல் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கில் இருந்து தவறவிட்ட பெடியனை எனக்குத் தெரியும். நீதிமன்றத்தின் சொந்தப் படிவத்தை முழுதாக நிரப்பி, கையெழுத்திட்ட அசலைத் தபாலில் போட வேணும். ஒரு கட்டம் வெறுமையாக விட்டாலும் மனுவை எடுக்காமல் விடக்கூடும், அதற்குள் தேதி ஓடிவிடும். தமிழில் எழுத முடியாது, ஜேர்மன் மொழியில் எழுதலாம்.

விமானத்துக்குத் தேதி போட்டுவிட்டார்கள் என்றால் மட்டும் 39-ஆவது விதியின் கீழ் அவசர மனு. அது தபால், தொலைநகல், அல்லது அதற்கென்றே இருக்கிற இணையத்தளம் வழியாக. மின்னஞ்சலில் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். நிராகரித்த முடிவின் பிரதி, நாடுகடத்தும் தேதி இருக்கிற கடிதம், மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அதுவும் கூட வைக்க வேணும்.

அவர் எந்த ஊரில் இருக்கிறார், கடைசிக் கடிதத்தில் என்ன தேதி இருக்கு என்று தனிமடலில் எழுதுங்கோ. அந்தப் பக்கத்தில் அகதிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற நிலையம் எது என்று பார்த்துச் சொல்கிறேன். உடம்பில் காயம் ஏதும் இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கோ.